நூற்றிருபது அடுப்பங்கரைகள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சந்தை ஆய்வுக்கென்று ஆள் வைத்த முதல் முதலாளி நான்தான். இப்போது பேட்டையில் நான்கைந்து பேர் என்னிடம் வந்து, ‘அந்த ஆய்வுக்காரங்களை எப்படி வைச்சி வேலை வாங்கறது?’ என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குப் பாதகமான இடங்களையும் விடாமல் எழுதுகிறேன்.

என் பெயர் சக்கரபாணி. வயது எழுபத்திரண்டு. எங்கள் தொழிற்சாலையில் ஊறுகாய் ஜாடி செய்கிறோம். மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை. அடியில் என் தகப்பனார் பெயர்: ராஜாங்கம். அந்தப் பெயர் இருக்கும் ஜாடியில் கீறல் இருக்காது, உப்பு கசியாது. இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு ஜாடியையும் அதன் மூடியோடு சேர்த்தேதான் சூளையில் வைப்போம். நெருப்பில் களிமண் சுருங்கும்போது இரண்டும் சேர்ந்து சுருங்கினால்தான் ஒன்றுக்கு ஒன்று கச்சிதமாகப் பொருந்தும். இரண்டின் அடியிலும் ஒரே எண் இருக்கும். ஒரு ஜாடியின் மூடி இன்னொரு ஜாடிக்குச் சேராது. ஆகவே மூடியை மட்டும் தனியாக நாங்கள் விற்றதில்லை. பொருந்தாத மூடியைப் போட்டு ஊறுகாய் பூசணம் பிடித்தால், கெடுவது ஊறுகாய் மட்டுமல்ல, அடியில் இருக்கும் பெயரும்தான்.

மூன்று வருடமாக விற்பனை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. சரக்குப் போதவில்லை என்பது என் கணிப்பு. இரண்டாவதாக ஒரு கேஸ் சூளை கட்டிவிட்டால் சென்னை, பெங்களூர் கடைகளுக்கும் அனுப்பலாம். அதற்காகப் பெண்ணாடம் சாலையில் இருக்கும் மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பை விற்பது என்று முடிவு செய்துவிட்டேன். வாங்குகிறவரும் தயாராக இருந்தார். தை பிறந்ததும் பத்திரம்.

“மாமா, தோப்பை விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுப் பாத்துடலாமே” என்றாள் என் மருமகள் பிரபா. எங்கள் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

“யாரைக் கேக்கணும்?”

“ஜாடி வாங்கறவங்களை.”

“அவங்கதான் வாங்கிக்கிட்டே இருக்காங்களே.”

“அதே ஆளுங்க வாங்கறாங்களா, புது ஆளுங்க வாங்கறாங்களா? எத்தன பேரு நிறுத்திட்டாங்க? நமக்குத் தெரியாதுல்ல மாமா.”

என் மகன் தமிழ்மணியைப் பார்த்தேன். அவன் என்னையும் பார்க்காமல் மனைவியையும் பார்க்காமல், “சூளையில சூடு பாக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சூளை அன்று எரியவே இல்லை.

கேட்பதில் எனக்கு என்ன பயம்? சரி என்றேன்.

புதுச்சேரியிலிருந்து பிரின்சி என்ற பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இன்னும் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு சொந்தமாக ஆய்வு நிறுவனம் நடத்துகிறாள். பஸ்ஸில்தான் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்தாள். ஊர் விசாரிக்கவில்லை, உறவு விசாரிக்கவில்லை.

“ஐயா, இந்த ஆய்வுல உங்களுக்கு என்னா தெரியணும்?”

“ராஜாங்கம் ஜாடிக்கு எவ்வளவு மரியாதை இருக்குதுன்னு நாலு பேருக்குத் தெரியணும்.”

“நாலு பேருக்குத் தெரியறது அப்புறங்க. உங்களுக்கு என்னா தெரியணும்?”

எனக்குச் சுருக்கென்றது. “எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லம்மா. நாப்பத்தெட்டு வருஷமா இதே தொழில்.”

“சரிங்க. எந்தப் பதில் வந்தா நீங்க சூளை கட்ட மாட்டீங்க?”

“எந்தப் பதில் வந்தாலும் கட்டுவேன்.”

“அப்ப என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க?”

பிரபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் நிதானமாகச் சொன்னேன்: “கேட்டது என் மருமக. சரின்னது நான். ஒரு தடவ சரின்னு சொல்லிட்டா நான் மாத்தறது இல்ல.”

பிரின்சி அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு, கேட்கப்போகும் கேள்விகளின் தாளை நீட்டினாள். ‘இந்த ஜாடியில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?’ என்பது நான்காவது கேள்வி. அடுத்தவர் கடை வாசலில் நின்றுகொண்டு என் பொருளில் என்ன குறை என்று என் காசிலேயே கேட்பதா? அதை அடித்துவிட்டு, ‘இந்த ஜாடியின் சிறப்பு என்ன?’ என்று எழுதிக் கொடுத்தேன். யாரைக் கேட்பது என்றாள். எங்கள் ஜாடியை வாங்கி விற்கும் முப்பத்திரண்டு கடைக்காரர்களின் பட்டியலைக் கொடுத்தேன். வீடுகளுக்கும் போக வேண்டும் என்றாள். கடைக்காரருக்குத் தெரியாதது வீட்டில் என்ன இருக்கிறது என்றேன்.

“உங்க இஷ்டங்க ஐயா. ஆனா நான் வேணாம்னு சொன்னதா எழுதி வச்சிக்கறேன்” என்று சொல்லி, தேதியும் போட்டு, நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் படித்துவிட்டுத் தலையசைத்தேன்.

அவள் போன பிறகு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் இன்னொருவர் வாசலுக்குப் போகிறார் என்றால், போகிறவருக்கும் சங்கடம் கூடாது, வரவேற்கிறவருக்கும் சங்கடம் கூடாது. முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற வீட்டுக்கே முதலில் போன் செய்து சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். அதனால் முப்பத்திரண்டு கடைக்காரர்களுக்கும் நானே போன் செய்தேன். ‘நம்ம ஆளுங்க ரெண்டு பேரு வருவாங்க. ஜாடியைப் பத்திக் கேப்பாங்க. வெறும் வயித்தோட அனுப்பாதீங்க’ என்றேன். ஒன்றரை நாள் ஆயிற்று. ஒருவரையும் விடவில்லை.

பதினைந்து நாளில் பிரின்சி திரும்பி வந்தாள். கையில் கட்டுக் காகிதம் எதுவும் இல்லை. ஒரே ஒரு தாள்தான்.

“ஐயா, நீங்க கடைக்காரங்களுக்குப் போன் பண்ணீங்களா?”

“பண்ணாம? விருந்தாளியைச் சொல்லாமலா அனுப்புவாங்க?”

அவள் தாளை மேஜைமேல் வைத்தாள். “முப்பத்திரண்டு கடை. அதுல பத்தொன்பது கடையில ஒரே வாக்கியம், ‘ராஜாங்கம் ஜாடிக்கு நிகரே இல்ல.’ எழுத்து மாறாம அப்படியே. சேத்தியாத்தோப்புல ஒருத்தர் எங்களைப் பாத்ததும் எழுந்து நின்னு, கைய கட்டிக்கிட்டு ஒப்பிச்சாருங்க.”

“உண்மையத்தானே சொல்லியிருக்காரு.”

“திட்டக்குடியில எலை போட்டு, பாயசம் வரைக்கும் போட்டாங்க. பெண்ணாடம் பழமலைநாதன் கடையில எங்க பொண்ணுக்குப் புடவை வச்சிக் குடுத்தாங்க. சம்பந்தம் பேசப் போன இடத்துலகூட எனக்கு இவ்வளவு மரியாதை நடந்தது இல்லைங்க ஐயா.”

பிரபாவுக்குச் சிரிப்பு வந்து, இருமல் போலச் சமாளித்தாள்.

“நல்லதுதானே?” என்றேன். “அறிக்கையா எழுதிக் குடுங்க.”

“எழுத மாட்டேங்க.”

“என்னாது?”

“இது ஆய்வு இல்லைங்க. கடைக்காரங்க உங்ககிட்ட வச்சிருக்கற மரியாதை. அதை நான் அளக்க வரல. இதுக்கு மேல எங்க நிறுவனத்துப் பேரைப் போட்டுக் குடுத்தா, நாளைக்கு நீங்க சூளை கட்டி, தோப்பும் போயி, ஜாடியும் தேங்கிப் போச்சின்னா, ‘பிரின்சி சொல்லித்தான் கட்டுனாரு’ன்னு சொல்லுவாங்க. இந்த வேலைக்கு வாங்குன பணத்தை வேணா திருப்பித் தரேன். எங்க பேரை இதுல போட மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. எழுபத்திரண்டு வயதில், என் அலுவலகத்தில், என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ‘மாட்டேன்’ என்று சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. ஆனால் கோபம் வந்த வேகத்திலேயே வேறொன்றும் தோன்றியது. அடியில் கீறல் இருந்த நூற்றுக்கணக்கான ஜாடிகளை நானே சுத்தியலால் உடைத்திருக்கிறேன். ‘கீறல் கண்ணுக்கே தெரியலையே, வித்துடலாமே’ என்று சொன்ன மேஸ்திரியிடம் நானும் இதைத்தான் சொன்னேன். எங்கள் பேரை அதில் போட மாட்டேன் என்று.

“சரி” என்றேன். “உங்க பேரைப் போடற மாதிரி எப்படிச் செய்யணும்? சொல்லுங்க.”

அவள் உடனே சொல்லிவிட்டாள். வரும்போதே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். விருத்தாசலம், பெண்ணாடம், திட்டக்குடி, சேத்தியாத்தோப்பு, நான்கு ஊரிலும் ஊருக்கு முப்பது வீடு. எந்த வீடு என்று எனக்குத் தெரியக் கூடாது. வீட்டுக்காரர்களுக்கு எங்கள் பெயர் தெரியக் கூடாது. ‘ஊறுகாய் எதுல வச்சிருக்கீங்க, பாக்கலாமா?’ என்று கேட்டு அடுப்பங்கரை வரைக்கும் போவார்கள். வாயால் சொல்வதைக் கேட்பதோடு நிற்காமல், இருப்பதைக் கண்ணால் பார்த்துப் படமும் எடுப்பார்கள். நான் அடித்த நான்காவது கேள்வி மறுபடி வரும். நான் ஒருவருக்கும் போன் செய்யக் கூடாது. மகன், மருமகள் தவிர வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது.

“இன்னொண்ணுங்க. எந்தப் பதில் வந்தா சூளை கட்ட மாட்டீங்கன்னு இப்பவே எழுதிக் குடுக்கணும். பதில் வந்தப்புறம் எழுதுனா, வந்த பதிலுக்கு ஏத்த மாதிரி மனசு எழுதிக்கும்.”

காகிதத்தை வாங்கி யோசித்தேன். அதிகச் சரக்கு செய்யப்போகிறேன் என்றால் அதை வாங்க ஆள் வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர் இன்னொன்று வாங்க வேண்டும். ‘எங்கள் ஜாடி வைத்திருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல், இன்னொன்று வாங்க மாட்டோம் என்று சொன்னால் சூளை கட்ட மாட்டேன், தோப்பை விற்க மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஒரு பதில் வராது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். “நல்லா எழுதியிருக்கீங்க ஐயா” என்றாள் பிரின்சி. முதல் தடவையாக அவள் என்னைப் பாராட்டினாள்.

அந்த மூன்று வாரம் போனைத் தொடாமல் இருந்தது எளிதாக இல்லை. பழமலைநாதன் ஒரு நாள் கூப்பிட்டு, “ஐயா, இன்னும் யாராவது வராங்களா? போன தடவ சைவமா போட்டுட்டோம், இந்தத் தடவ பிரியாணி சொல்லிடட்டுமா?” என்றார். யாரும் வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைவிடச் சோதனை, திட்டக்குடியிலிருந்து என் தங்கை மாப்பிள்ளை பக்கிரி கூப்பிட்டதுதான்.

“மச்சான், எவளோ ரெண்டு பொண்ணுங்க அடுப்பங்கரை வரைக்கும் வந்து, ஊறுகா ஜாடியைப் போட்டோ புடிச்சிக்கிட்டுப் போறாளுங்க. உங்க தங்கச்சி வேற காபி போட்டுக் குடுத்து அனுப்பியிருக்கா. போலீசுக்குச் சொல்லட்டுமா?”

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. “போட்டோதானே எடுத்தாங்க? ஜாடியை எடுக்கலல்ல?” என்றேன்.

“ஜாடி இருக்குது.”

“அப்ப விடுங்க மாப்ள.”

நான் எதையும் சொல்லவில்லை. ‘தங்கச்சி என்ன சொன்னாள்?’ என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். வார்த்தை கொடுத்தாயிற்று, அதனால் கேட்கவில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் பிரின்சி வந்தாள். இந்தத் தடவை தமிழ்மணியும் வந்து உட்கார்ந்தான்.

“நல்லதை முதல்ல சொல்லட்டுமா, கெட்டதை முதல்ல சொல்லட்டுமா?”

“எழுதிக் குடுத்ததுக்குப் பதில் என்னா? அதைச் சொல்லுங்க.”

“நூத்தி இருபது வூட்டுல எழுபத்தொண்ணுல உங்க ஜாடி இருக்குதுங்க. அந்த எழுபத்தொண்ணுல நாப்பத்தாறு வூடு, இன்னொண்ணு வாங்க மாட்டோம்னுட்டாங்க.”

எழுபத்தொன்றில் பாதி முப்பத்தைந்தரை என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

“எதுக்காம்?” என்றேன்.

“அவங்க சொன்னதை அப்படியே படிக்கறேங்க. நான் ஒண்ணும் சேக்கல.” நோட்டைப் புரட்டினாள். “‘ஜாடி எங்க மாமியா மாதிரி, அதுக்கு ஒண்ணும் ஆவாது. மூடிதான் போயிடுச்சி.’ இது ஒருத்தங்க. ‘எண்ணெக் கையில மூடி வழுக்குது. புடிக்கறதுக்குக் குமிழு பட்டாணி அளவுதான் இருக்குது.’ இது நெறைய பேரு சொல்றாங்க, இருபத்தெட்டு பேரு. அடுத்தது... படிக்கட்டுங்களா?”

“படிங்க.”

“‘மூடி மட்டும் குடுங்கன்னு கடையில கேட்டேன். தனியாக் குடுக்கக் கூடாது, அது அவங்க வூட்டுக் கௌரவம்னான். எனக்கு எலுமிச்சங்கா கெட்டுப் போவுது, அவங்க கௌரவத்தை வச்சி நான் என்னா ஊறுகாயா போடறது?’”

தமிழ்மணி தலையைக் குனிந்துகொண்டான். நான் குனியவில்லை.

பிறகு படங்களை மேஜையில் பரப்பினாள். எழுபத்தொரு அடுப்பங்கரை. பழுப்பும் வெள்ளையுமாக எங்கள் ஜாடி ஒவ்வொன்றிலும் இருந்தது. பலவற்றின் தலையில் எவர்சில்வர் தட்டு, காபி டபரா, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய துணி. ஒரு வீட்டில் பிள்ளையின் டிபன் பாக்ஸ் மூடி. எங்கள் மூடியோடு இருந்தவை குறைவுதான். ஜாடிகளில் ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, பெருமைப்பட முடியாமலும் இருந்தது.

“இப்ப நல்லதைச் சொல்றேங்க” என்று பிரின்சி பத்தொன்பது படங்களை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். “இதைப் பாருங்க.”

அந்தப் பத்தொன்பதிலும் ஜாடி எங்களுடையது. மூடி எங்களுடையது இல்லை. ஆனால் எவர்சில்வரும் இல்லை. செராமிக் மூடி. பழுப்பு நிறம். எலுமிச்சம்பழ அளவுக்குக் குமிழ்.

“இந்தப் பத்தொம்பது வூட்டுல பதினாறு வூடு, இன்னொரு ஜாடி வாங்குவோம்னு சொல்லுது. அதாவது ஐயா, வேற மூடி கிடைச்சவங்க உங்களை விடல. கிடைக்காதவங்கதான் விட்டுட்டாங்க.”

“இந்த மூடி எங்க கிடைக்குது?”

“தெரிஞ்சவங்க கேட்டா மட்டும் கடையில உள்ளேருந்து எடுத்துக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க.”

“எந்தக் கடை? எந்த வூடு? பேரைச் சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேங்க.”

“பணம் குடுத்தது நான்.”

“ஆமாங்க. ஆனா பேரைச் சொல்ல மாட்டோம்னு வார்த்தை குடுத்துட்டுத்தான் அவங்க அடுப்பங்கரைக்குள்ள போனோம். இன்னிக்கு உங்களுக்குச் சொன்னா, நாளைக்கு உங்களைப் பத்தி வேற ஒருத்தருக்குச் சொல்லுவேன்னுதானே நீங்களே நெனப்பீங்க?”

அவள் சொன்னது சரி. அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்பில் பழுப்பு நிறம் லேசாகச் சிவப்புத் தட்டி இருந்தது. பேட்டையில் அந்தச் சிவப்பு ஒரே ஒருவன் சூளையில்தான் விழும். எங்கள் கேட்டிலிருந்து நான்காவது கொட்டகை. அகஸ்டின்.

பிரபா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, நானும் வரேன்” என்று எழுந்தாள். “வேணாம். சண்டைக்குப் போகல” என்றேன். சண்டைக்குப் போகிறேனா இல்லையா என்று அப்போது எனக்கே தெரியாது. ஒரு ஜாடியை, மூடி இல்லாமல், கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அகஸ்டின் டீக்கடைக் கோப்பைகளும் மின்சார ஃப்யூஸ் கட்டைகளும் செய்கிறவன். ஐம்பது வயது. நான்கு ஆட்கள். என்னைக் கண்டதும் எழுந்தான். என் கையில் இருந்த ஜாடியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

“வாங்கய்யா. உக்காருங்க.”

“நிக்கறேன். மூடி எங்க அடுக்கி வச்சிருக்கே?”

அவன் மறைக்கவில்லை. உள்ளே அழைத்துப் போனான். மூன்று தட்டு நிறைய மூடிகள். ஒன்றை எடுத்து என் ஜாடிமேல் வைத்தேன். அசையவில்லை. இன்னொன்றை வைத்தேன். அதுவும் அசையவில்லை. ஏழாவது மூடி வரைக்கும் பார்த்தேன்.

“எப்படிப்பா? ஒவ்வொரு ஜாடி வாயும் ஒவ்வொரு அளவு ஆச்சே.”

“உங்க மூடி வாய்க்குள்ள எறங்குதுங்க. அதனாலதான் அளவு பாக்குது. இது உள்ள எறங்காதுங்க ஐயா, வெளியால கவுந்து உக்காரும். கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் புடிச்சிக்கும்.”

நாற்பத்தெட்டு வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. எண் போட்டு, ஜோடி பார்த்து, சேர்த்துச் சுட்டுக்கொண்டே இருந்தேன்.

“எத்தன வருஷமா?”

“எட்டு வருஷங்க. மொதல்ல பழமலைநாதன்தான் கேட்டாரு. அப்புறம் எல்லாருமே.”

“எல்லாரும்னா?”

“முப்பத்திரண்டு பேருங்க.”

“பேட்டையில யாருக்கெல்லாம் தெரியும்?”

அவன் யோசித்தான். “உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியுங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்துன்னுவீங்க. நீங்க சொல்லி நான் மீற முடியாது. நிறுத்துனா சனங்க உங்க ஜாடியத் தூக்கிக் கொல்லையில போட்டுட்டு பிளாஸ்டிக்குக்குப் போயிடுவாங்க. என் பொஞ்சாதி வச்சிருக்கறதும் உங்க ஜாடிதாங்க. மூடியை ஒடச்சிட்டு அவ பொலம்புனா, அதுக்குத்தான் மொதல் மூடி செஞ்சேன். இந்தக் குமிழு அவ கேட்ட அளவு.” பிறகு அவசரமாகச் சொன்னான்: “உங்க பேரை நான் எதுலயும் போடலைங்க ஐயா. திருப்பிப் பாருங்க. அடியில ஒண்ணுமே எழுதல. சத்தியமா.”

திருப்பிப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. எட்டு வருடமாக, என் தகப்பனார் பெயர் தாங்கிய ஜாடியின்மேல், யார் செய்தது என்று சொல்லாத ஒரு பொருள் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அந்த ஜாடியை வீட்டுக்குள் வைத்திருந்தது. எனக்கு அதில் வந்த அவமானம், அவன் செய்தான் என்பதில் இல்லை; செய்தவன் பெயர் இல்லாமல் அது அங்கே இருந்தது என்பதில்தான்.

“நிறுத்தணுங்களா ஐயா?” என்றான். அவனுடைய நான்கு ஆட்களும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையில் பாதி வேலை மூடி வேலைதான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் பிரின்சியிடம் இருந்தது. சூளை இல்லை, தோப்பு விற்பனை இல்லை; அது முடிந்த விஷயம். வாங்குகிறவருக்கு மறுநாள் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஆனால் மூடியைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒன்றும் இல்லை. அதை நானேதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவன் செய்கிற மூடியை நானே காப்பியடித்துச் செய்யலாம். அச்சு வார்க்க ஒரு வாரம் போதும். ராஜாங்கத்தின் மகன் அடுத்தவன் யோசனையைத் திருடினான் என்று பேட்டை பேசும். பேசாவிட்டாலும் எனக்குத் தெரியும். அவனை நிறுத்தச் சொல்லலாம். ஊரிலுள்ள ஜாடிகளெல்லாம் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும்.

“நிறுத்த வேணாம். இனிமே எங்க ஜாடி எல்லாத்துக்கும் நீதான் மூடி செய்யறே. ஜாடியோட போறதும் உன்னுதுதான், கடையில தனியா விக்கறதும் உன்னுதுதான். உள்ளேருந்து எடுத்துக் குடுக்கற வேலை வேணாம். முன்னாடி அடுக்கி வச்சி விக்கட்டும்.”

“ஐயா...”

“இன்னும் முடிக்கல. அடியில பேரு இல்லாத ஒரு பொருளும் ராஜாங்கம் ஜாடி மேல உக்காரக் கூடாது. பேரு போடணும்.”

“உங்க பேரைத்தானுங்களே? போட்டுடறேங்க.”

“எங்க பேரு எதுக்கு? நான் செஞ்சனா அதை? உன் பேரைப் போடு.”

அவனுக்குப் புரியவில்லை. ஆட்களில் ஒருவன் சிரித்தான், பிறகு வாயைப் பொத்திக்கொண்டான். “என் பேரைப் பாத்து யாருங்க வாங்குவாங்க? ஒரே ஜாடியில ரெண்டு பேரு இருந்தா சனங்க குழம்பிடுவாங்க ஐயா” என்றான் அகஸ்டின்.

“குழம்புவாங்களா மாட்டாங்களான்னு நீயும் நானும் இங்க நின்னு பேசி என்னா பண்றது? பிரின்சி ஆபீசுல உக்காந்திருக்காங்க. இதையும் அவங்களே விசாரிக்கட்டும். விசாரிச்சிச் சொல்றது எப்படி இருந்தாலும் கேட்டுக்கலாம். ஆனா அதுவரைக்கும் பேரில்லாம ஒண்ணுகூட இங்கேருந்து வெளிய போகக் கூடாது.”

அகஸ்டின் பிரஷ்ஷை எடுத்துப் பழுப்புச் சாயத்தில் தோய்த்து, சுடாத மூடி ஒன்றின் அடியில் எழுதினான். தன் பெயரை எங்கேயும் எழுதிப் பழக்கம் இல்லாத கை. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசி எழுத்து விளிம்புக்குப் போய்விட்டது. வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டினான்.

“அழிச்சிட்டு நேரா எழுது” என்றேன்.

ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினான். இந்தத் தடவை நடுவில், நேராக, படிக்கும்படியாக வந்தது. அவன் ஆள் ஒருவன் எட்டிப் பார்த்து, “அண்ணே, ரேஷன் கார்டுலகூட இவ்வளவு அழகா இல்லண்ணே” என்றான். சாயம் காயும் வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். பிறகு அந்த மூடியை என் கையாலேயே எடுத்து, சூளைக்குப் போகும் பலகையில் வைத்தேன்.